தேளின் கொடுக்கும் யானையின் துதிக்கையும்

கண்டிக்கு வருவோர் பூக்களைக் காணப் பேராதனைக்குச் செல்வது வழக்கம். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்குள்ள ஓர்க்கிட் இல்லத்தின் முன்னும், அரசப்பனைகள் அணிவகுத்து நிற்கும் சாலையிலும் மக்கள் நிறைந்திருப்பர். அது தக்கதே. ஆயினும் அப்பூங்காவின் வாயிலுக்கு வெளியே, மகாவலி கங்கையின் கரையிலும், புகையிரதப் பாதையின் ஓரத்திலும், வயல் வரம்பிலும், வெறுமனே கிடக்கும் வளவுகளிலும், எவரும் நடாத, எவரும் நீர் வார்க்காத பூண்டு ஒன்று ஆண்டு முழுவதும் பூத்துக்கொண்டிருக்கின்றது. அதனைக் காணக் கட்டணம் இல்லை, காண்பாரும் இல்லை. இவ்வாரம் அப்பூண்டினைப் பற்றியே சில சொல்ல விரும்புகின்றோம். அதற்குக் காரணம் அதன் அழகு மாத்திரம் அன்று. நம் வீடுகளிற் கைமருந்து செய்யும் தாய்மாரும், தாவரவியல் பயிலும் மாணவரும் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்று அதனுள் அடங்கியிருக்கின்றது.

தமிழில் அதன் பெயர் தேள்கொடுக்கு. ஓர் அடி முதல் மூன்று அடி வரை உயரும் செடி அது. தண்டெங்கும் சுணை போன்ற மயிர்கள் உண்டு, தொட்டாற் சொரசொரக்கும். இலைகள் முட்டை வடிவினவாய்ச் சுருங்கிய மேற்பரப்புடன் விளங்கும். கிளையின் நுனியிலிருந்து கதிர் ஒன்று எழுந்து, முனையில் உள்நோக்கிச் சுருண்டு நிற்கும். அக்கதிரின் முதுகிலே, வெண்மையோ இளநீலமோ ஊதாவோ என்று உறுதியாய்ச் சொல்ல இயலாத நிறத்தில், கால் அங்குலமும் இல்லாத பூக்கள் இரண்டு வரிசையாக அமர்ந்திருக்கும். ஒவ்வொரு பூவின் நடுவிலும் ஒரு மஞ்சட் புள்ளி. கீழே உள்ளவை காயாகிவிட்டன. நடுவே உள்ளவை மலர்ந்திருக்கின்றன. சுருளின் உள்ளே இருப்பவை இன்னும் அரும்புகள். ஒரே கதிரில் நேற்றும் இன்றும் நாளையும் சேர்ந்திருத்தலைக் காண விரும்புவோர் இதனைக் காணலாம்.

சில ஆண்டுகளுக்கு முன் வகுப்பில் இச்செடியை மாணவருக்குக் காட்டி, இது எதனைப் போன்றுள்ளது என்று வினவினோம். தமிழ் மாணவன் ஒருவன் சற்றும் தாமதியாது, "தேள் வாலைத் தூக்கிக்கொண்டு நிற்பதுபோல இருக்கிறது, ஐயா" என்றான். அருகிலிருந்த சிங்கள மாணவன் சிரித்து, "எங்கள் ஊரில் இதை எத் ஹொண்ட என்போம், சேர்" என்றான். யானையின் துதிக்கை என்பது அதன் பொருள். இருவரும் கூறியது சரியே. கதிரின் முனை மேல்நோக்கி வளைந்ததாகக் கொண்டால் அது தேளின் கொடுக்கு. உணவை வாய்க்குக் கொண்டுசெல்ல வளைந்ததாகக் கொண்டால் அது யானையின் கை. ஆண்டுதோறும் எசல பெரகராவிற் பல யானைகள் அணிவகுத்துச் செல்லக் காணும் கண்டி மக்களின் கண்ணுக்கு யானை முதலிற் புலப்பட்டமை வியப்பன்று. பாம்புக்கும் தேளுக்கும் அஞ்சி, விளக்குடன் முற்றத்தில் இறங்கும் வறண்ட நாட்டு மக்களின் கண்ணுக்குத் தேள் புலப்பட்டமையும் வியப்பன்று.

இவ்விரு பார்வைகளும் நம் தீவோடு நின்றுவிடவில்லை. வடமொழியில் இதனை ஹஸ்திசுண்டி என்பர், இந்தியில் ஹாத்திசூண்ட், வங்காளத்தில் ஹாத்திசூர், பிலிப்பைன் தீவுகளிலும் யானைத் துதிக்கை என்று பொருள்படும் பெயரே வழங்குகின்றது. தமிழர் கண்ட தேளையோ வேறு இருவர் கண்டனர். மெக்சிக்கோ முதலிய ஸ்பானிய மொழி வழங்கும் நாடுகளில் இவ்வினச் செடிகளுக்குத் தேளின் பெயரே இடப்பட்டுள்ளது. கி.பி. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் தியொஸ்கோரிடீஸ், தம் நாட்டில் வளர்ந்த இதன் உறவுச்செடி ஒன்றனைப் பற்றி எழுதுகையில், பூவின் உருவம் நோக்கி அதனைத் தேள்வால் என்று அழைப்பாரும் உளர் என்று குறித்துள்ளார். பிரேசில் நாட்டாருக்கோ இது சேவலின் கொண்டை. தேளும் யானையும் சேவலும் ஒரு செடியின் நுனியில் வந்து கூடியவாறு இது.

இச்சுருள் எவ்வாறு உண்டாகின்றது என்பதை மாணவர் சிறிது நேரம் சிந்தித்தல் நன்று. நெற்கதிரிலும் கடுகின் பூங்கொத்திலும் நடுக்காம்பு இடையறாது மேலே வளர்ந்துகொண்டே செல்லும். பக்கங்களிற் பூக்கள் தோன்றும். தேள்கொடுக்கில் அங்ஙனம் இல்லை. ஒரு காம்பு ஒரு பூவோடு முடிந்துவிடும். உடனே அப்பூவின் அடியில், ஒரு பக்கத்திலிருந்து, சிறு கிளையொன்று தோன்றித் தானும் ஒரு பூவோடு முடியும். அதன் அடியிலிருந்து இன்னொன்று, அதனடியில் மற்றொன்று. முதலாவது இடப்புறம் எனின் அடுத்தது வலப்புறம். இவ்வாறு மாறிமாறித் தோன்றும் குட்டிக் கிளைகள் யாவும் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டி ஒரே காம்பு போலத் தோற்றமளிக்கின்றன. பூக்கள் யாவும் ஒரே பக்கத்தில் இரு வரிசையாய் அமைவதும், இளைய முனை சுருண்டு கிடப்பதும் இதனாலேயே. தாவரவியல் நூல்கள் இவ்வகைப் பூந்துணருக்கும் தேளின் பெயரையே இட்டிருக்கின்றன. அரும்புகள் சுருளின் உள்ளே பாதுகாவலாய் இருக்க, வளைவின் உச்சிக்கு வந்த பூ மாத்திரம் விரிந்து பூச்சிகளை வரவேற்கின்றது. ஒரு கைக்கண்ணாடியும் ஓர் ஊசியும் இருந்தாற் போதும்; பாடநூலின் ஒரு பக்கம் முழுவதையும் வேலியோரத்தில் நின்றே கற்றுக்கொள்ளலாம்.

இனி, அறிஞர் இட்ட பெயருக்கு வருவோம். ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ் 1753ஆம் ஆண்டில் இதற்கு ஹெலியோத்ரோப்பியம் இண்டிக்கம் என்று பெயரிட்டார். ஹெலியோஸ் என்பது கிரேக்க மொழியில் ஞாயிறு. திரோப்பி என்பது திரும்புதல். ஆகவே ஞாயிறு திரும்பி என்று தமிழாக்கலாம். கதிரவன்மேற் காதல்கொண்டு, அவன் செல்லும் திசையையே நோக்கியிருந்து மெலிந்து பூவாய் மாறிய கிளித்தியே என்னும் மங்கையின் கதையை உரோமப் புலவர் ஒவிட் பாடியுள்ளார். கதை இனியது, ஆனால் நம் தேள்கொடுக்கு ஞாயிற்றை நோக்கித் திரும்புவதில்லை. காலையில் ஒரு கதிரின் திசையைக் குறித்துவைத்து மாலையிற் சென்று பார்ப்போர் இதனைத் தாமே தெளியலாம். இண்டிக்கம் என்றால் இந்திய நாடுகளுக்குரியது என்பது பொருள். அதுவும் ஐயத்துக்கு இடமானதே. இதன் பிறப்பிடம் வெப்பமண்டல அமெரிக்கா என்றே இக்காலத் தாவரவியலார் பலர் கருதுகின்றனர். அது மெய்யாயின், கடல் கடந்து வந்த விருந்தாளி ஒருத்திக்கு ஒவ்வொரு நாட்டாரும் தத்தம் கண்ணுக்குப் பழகிய உருவத்தைப் பெயராகச் சூட்டித் தமதாக்கிக்கொண்டனர் என்றே கொள்ளவேண்டும்.

ஹெலியோத்ரோப்பியம் என்னும் இவ்வினத்தில் 250க்கு மேற்பட்ட சாதிகள் உலகெங்கும் உள்ளன. பெரு நாட்டிலிருந்து ஐரோப்பியத் தோட்டங்களுக்குச் சென்ற ஒன்று, அதன் நறுமணத்தின் பொருட்டுப் பெரிதும் விரும்பி வளர்க்கப்படுகின்றது. இவ்வினம் நெடுங்காலமாகப் பொராஜினேசியே என்னும் குடும்பத்தில் வைத்து எண்ணப்பட்டு வந்தது. அண்மைக் காலத்திற் சிலர் இதனைத் தனிக் குடும்பமாகப் பிரித்துள்ளனர். அக்குடும்பத்தார் நமக்குப் புதியவர் அல்லர். பசைபோல் ஒட்டும் பழமுடைய நறுவிலி, சிங்களத்தில் லொலு எனப்படுவது, இவ்வுறவினதே. நீர் வற்றிய வயலில் நிலத்தோடு ஒட்டிப் படரும் செருப்படியும், நிலத்தை நோக்கிப் பூவைக் கவிழ்த்து நிற்கும் கவிழ்தும்பையும் இவ்வுறவினவே. கவிழ்தும்பை என்ற பெயரைக் கேட்டு, சிவபெருமானுக்குச் சாத்தும் தும்பையின் உடன்பிறப்பு என்று எவரும் எண்ணிவிடக்கூடாது. தும்பை துளசியின் குடும்பம். கவிழ்தும்பை தேள்கொடுக்கின் உறவு. பெயர் ஒன்றாய் ஒலிப்பதனால் உறவு ஒன்றாகிவிடாது.

பெயர்களைத் தொகுப்பதும் ஒப்பிடுவதும் வீண்வேலை என்று கருதற்க. பேராதனைப் பூங்காவை 1821ஆம் ஆண்டில் நிறுவிய அலெக்சாந்தர் மூன், மூன்று ஆண்டுகளுக்குப் பின் இத்தீவின் செடிகொடிகளுக்கு ஓர் அட்டவணை வெளியிட்டபோது, இலத்தீன் பெயர்களோடு ஊர்மக்கள் வழங்கிய பெயர்களையும் கேட்டறிந்து சேர்த்தார். அதே பூங்காவின் தலைவராயிருந்த ஹென்றி திறிமன் எழுதத் தொடங்கிய இலங்கைத் தாவர நூல் 1893 முதல் 1900 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது. 1896இல் அவர் காலமாகவே, எஞ்சியதை ஜோசப் ஹூக்கர் எழுதி முடித்தார். இவ்வறிஞர்கள் பெயரைக் கேட்டதோடு நின்றுவிடவில்லை. செடியைப் பறித்து உலர்த்தித் தாளில் ஒட்டி, எவரும் பின்னர் ஒப்பிட்டுப் பார்க்குமாறு வைத்தனர். பேராதனைத் தேசிய உலர்தாவரக் காப்பகம் இன்றும் அப்பணியைச் செய்துவருகின்றது. பெயர் கேள்வி, செடி சான்று. இவ்வேற்றுமையை மனத்திற் கொண்டு மேலே செல்வோம்.

தேள்கொடுக்கினைப் பிடுங்கி வேலிமேற் போட்டு வாடவிட்டால் ஒரு புதுமையைக் காணலாம். ஒன்றிரண்டு நாளில், நீலப்புலி என்றும் காக்கை என்றும் வழங்கும் வண்ணத்துப்பூச்சிகள் அவ்வாடிய செடியை நாடி வந்து மொய்க்கும். பூவில் தேன் உண்ண வந்தவை என்று எண்ணற்க. பூ உதிர்ந்த தண்டையும் உலர்ந்த இலையையுமே அவை நாடுகின்றன. உறிஞ்சுகுழலால் நீர்த்துளி ஒன்றை உமிழ்ந்து, உலர்ந்த பகுதியை நனைத்து, கரைந்து வருவதை மீண்டும் உறிஞ்சுகின்றன. வருபவற்றிற் பெரும்பாலன ஆண்கள். அவை தேடுவது உணவை அன்று. பிரோலிசிடின் அல்கலோயிட்டு எனப்படும் கைப்பு நஞ்சினையே.

இந்நஞ்சு அவற்றுக்கு இருவகையிற் பயன்படுகின்றது. ஆண் பூச்சி இதிலிருந்தே ஒரு மணப்பொருளை ஆக்கிக்கொள்கின்றது. அம்மணம் இல்லாத ஆணைப் பெண் எளிதில் ஏற்பதில்லை. அன்றியும், நஞ்சேறிய உடலைப் பறவைகளும் சிலந்திகளும் உண்ண விரும்புவதில்லை. அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் தோமஸ் ஐஸ்னர், ஜெரோல்டு மைன்வால்டு என்னும் இருவர் நெடுங்காலம் இப்பொருளை ஆராய்ந்தனர். இதே நஞ்சினை உண்டு வளரும் விட்டில் ஒன்று வலையில் வீழ்ந்தபோது, சிலந்தி அதனைத் தொட்டுப் பார்த்து, வலை இழைகளைத் தானே அறுத்து அதனை விடுவித்துவிட்டது. நஞ்சில்லா உணவில் வளர்க்கப்பட்ட அதே இன விட்டிலையோ சிலந்தி உண்டது. ஆண், கலவியின்போது இந்நஞ்சிற் பங்கினைப் பெண்ணுக்கு அளிக்க, அவள் அதனைத் தன் முட்டைகளுக்கு அளிக்கின்றாள். பிள்ளைகளுக்குத் தந்தை தேடிவைத்த சீதனம் என்றே இதனைச் சொல்லவேண்டும்.

பூச்சிக்குக் கவசமாகும் அதே பொருள் மனித உடலிற் புகுந்தால் நிகழ்வது யாது? இங்கேதான் நாம் விழிப்பாயிருத்தல் வேண்டும். உண்ட பொருளிலுள்ள தீமையை நீக்குவது ஈரலின் தொழில். இந்த நஞ்சினையோ ஈரல் நீக்க முற்படுகையில், முன்னிலும் கொடிய பொருளாக அதுவே மாற்றிவிடுகின்றது. அம்மாறிய பொருள் பிறந்த இடத்திலேயே ஈரலின் உயிரணுக்களைத் தாக்குகின்றது. ஈரலினுள் ஓடும் நுண்ணிய நாளங்களின் உட்சுவர் புண்பட்டுத் தடித்து அடைபடுகின்றது. குருதி வெளியேற வழியின்றி ஈரல் வீங்குகின்றது. வயிற்றில் நீர் கோக்கின்றது. சிலர் தேறுவர், சிலருக்கு ஈரல் சுருங்கிப் போகும், சிலர் இறப்பர். குழந்தைகளும் கருவிலிருக்கும் சிசுக்களுமே மிகுந்த இடருக்கு ஆளாவர்.

இது ஆய்வுக்கூடத்து அச்சம் மாத்திரம் அன்று. 1954ஆம் ஆண்டில் ஜமெய்க்காத் தீவில் மருத்துவர்கள் பிள்ளைகளிடையே பரவியிருந்த இத்தகைய ஈரல் நோயை விவரித்தனர். தாய்மார் அன்போடு காய்ச்சிக் கொடுத்த பச்சிலைத் தேநீரே அதற்குக் காரணமாயிற்று. அவ்விலைகளுள் நம் நாட்டுக் கிலுகிலுப்பையின் உறவுச் செடிகளும் இருந்தன. 1970களின் நடுப்பகுதியில் ஆப்கானித்தானத்தின் வடமேற்கில், ஈராண்டு கடும் வறட்சிக்குப் பின், கிராமம் கிராமமாக மக்கள் வயிறு வீங்கி வருந்தினர். மருத்துவக் குழுவினர் 7,200 பேரைச் சோதித்தபோது நூற்றுக்கு 22.6 பேரிடம் ஈரல் நோயின் அறிகுறி இருந்தது. காரணம் கோதுமையில் கலந்திருந்த ஒரு களையின் விதை. அக்களை தேள்கொடுக்கின் இனத்தைச் சேர்ந்த ஹெலியோத்ரோப்பியம் சாதி ஒன்று. வறட்சியில் கோதுமை குன்ற, களை மாத்திரம் செழித்தது. பசித்த மக்களுக்குப் பிரித்தெடுக்க வகையில்லை. 2007, 2008ஆம் ஆண்டுகளில் அந்நாட்டின் ஹெராத் மாகாணத்தில் அக்கொடுமை மீண்டும் நிகழ்ந்தது.

நம் கண்டி மாநகரின் அருகிலேயே இப்பொருளைப் பற்றிய ஆராய்ச்சி நடந்தது என்பதை நம்மவர் பலர் அறியார். பேராதனைப் பல்கலைக்கழகத்து அர்சகுலரத்ன, குணதிலக்க, பானபொக்க என்னும் அறிஞர்கள் இந்நாட்டு மருத்துவத்தில் வழங்கும் 50 மூலிகைகளைச் சோதித்து, 1981ஆம் ஆண்டில் முடிவினை வெளியிட்டனர். கிலுகிலுப்பை உட்பட மூன்றில் இந்நஞ்சு இருப்பதாக அவர்கள் கண்டனர். அவற்றை உணவோடு உண்ட எலிகளின் ஈரல் பழுதுற்றது. ஆசிய ஆபிரிக்க நாடுகளில் ஈரல் நோய் மிகுந்திருப்பதற்கு இத்தகைய மூலிகைகளும் ஒரு காரணமாகலாம் என்று அவர்கள் எச்சரித்தனர். அம்மூன்றும் தேள்கொடுக்கின் குடும்பத்தன அல்ல; ஆயினும் நஞ்சின் வகை ஒன்றே.

தேள்கொடுக்கும் ஆய்வுக்குத் தப்பவில்லை. அதிலிருந்து பிரித்தெடுத்த இண்டிசின் என்னும் அல்கலோயிட்டின் ஒரு வடிவம் புற்றுக் கட்டிகளை எதிர்க்கவல்லது என்று 1976ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர் அறிவித்தனர். பின்னர் அதனைக் குருதிப் புற்றுநோயாளருக்குக் கொடுத்துப் பார்த்தனர். சிலரிடம் நோய் தணிந்தது. ஆனால் ஈரல் கெட்டது. மருந்தாகும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடையே வெளி மிகக் குறுகியதாயிருந்தமையின் அம்முயற்சி கைவிடப்பட்டது. அளவு அறிந்து, நாள்தோறும் குருதியைச் சோதித்து, மருத்துவமனையிற் கொடுத்தபோதே இந்நிலை எனின், அடுக்களை அம்மியில் அரைத்துக் கரண்டியால் அளந்து கொடுப்பதன் நிலை யாது?

இவ்வினாவை நாம் வீணே எழுப்பவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் மாறவில்லை. தேள்கொடுக்கின் சாற்றைத் தேன் கலந்து கொடுக்கலாமா என்று ஒரு தாயார் நம்மிடம் கேட்டதுண்டு. யாரோ ஒருவர் நல்லெண்ணத்தோடு சொல்லியிருந்தார். வேண்டாம் என்று கூறி, மருத்துவரிடம் அனுப்பினோம். "பச்சிலைதானே, என்ன செய்துவிடும்?" என்பதே அவ்வம்மையார் கேட்ட கேள்வி. அக்கேள்வியிலேதான் ஆபத்து ஒளிந்திருக்கின்றது. உடனே கொல்லும் நஞ்சு வாந்தியாலும் வலியாலும் நம்மை எச்சரித்துவிடும். இதுவோ இன்று ஒரு கரண்டி, நாளை ஒரு கரண்டி என உட்சென்று, வாரங்கள் கழிந்த பின்னரே தன்னைக் காட்டும். அப்போது காரணம் எது என்று எவருக்கும் தோன்றாது.

பெயராலும் ஒரு மயக்கம் உண்டு. தேள்கொடுக்கு என்னும் பெயரை நம்மவர் இச்செடிக்கு மாத்திரம் வழங்குவதில்லை. புலிநகம் என்று சொல்லப்படும், கொக்கிபோன்ற காயுடைய வேறொரு செடிக்கும் அப்பெயர் உண்டு. ஏட்டில் தேள்கொடுக்கு என்று இருப்பதை ஒருவர் ஒரு செடியாகவும் மற்றவர் வேறு செடியாகவும் கொள்ளுதல் எளிது. நல்ல வைத்தியர் செடியை அறிவர். சுத்தி முறையும் அளவும் அறிவர். எதனை உள்ளே கொடுப்பது, எதனை வெளியே பூசுவது என்பதையும் அறிவர். அவர்களை இகழ்வது நம் கருத்தன்று. செய்தித் துணுக்கிலும், அயலார் வாயிலும் கேட்ட பெயரை வைத்துக்கொண்டு நாமே வைத்தியராவதையே கடிகின்றோம். காயத்துக்கும் கட்டிக்கும் இவ்விலையை அரைத்துக் கட்டும் வழக்கம் உண்டு. எனினும் இதே குடும்பத்து மூலிகை ஒன்றனைப் பொறுத்தவரையில், பூசுவதாயினும் காயமற்ற தோலில் மாத்திரமே பூசலாம் என்று ஐரோப்பிய நாடுகளில் விதித்திருத்தலை நினைவிற் கொள்வது நன்று.

தேட்கடியைப் பற்றியும் ஒரு வார்த்தை. தேள்போல் இருப்பதனால் தேள்விடத்தைத் தீர்க்கும் என்னும் எண்ணம் தமிழர்க்கே உரியதன்று. தேள்வால் என்று கிரேக்கர் அழைத்த செடியையும் தேள் கொட்டியவருக்குப் பூசினர் என்று முன் சொன்ன தியொஸ்கோரிடீஸ் எழுதியுள்ளார். ஒரு கடலுக்கு அப்பாலும் இப்பாலும் இருந்தோர் ஒரே வகையாய் எண்ணினர் என்பது மனித மனத்தைப் பற்றிய சான்று. மருந்தைப் பற்றிய சான்று அன்று. தேட்கடியிற் பல தாமே தணிந்துவிடும் வலிகள். அவ்வாறு தணிந்தபோதெல்லாம் இலைக்குப் புகழ் சேர்ந்தது. ஆனால் இந்தியச் செந்தேளின் விடம் இதயத்தைத் தாக்கவல்லது, குழந்தைகளைக் கொல்லவல்லது. அத்தேள் இப்போது யாழ்ப்பாணத்திலும் உளது. அதனைப் பற்றி 2015ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில் பேராதனை மருத்துவரும் பங்குகொண்டனர். மராட்டிய நாட்டின் மகாட் என்னும் சிற்றூரில் மருத்துவர் பவஸ்கர், பிராசோசின் என்னும் மருந்தினை 1980களில் இதற்குப் பயன்படுத்தத் தொடங்கிய பின்னரே, அங்கு இறப்பு பெரிதும் குறைந்தது. எனவே தேள் கொட்டிய பிள்ளைக்கு வியர்வை பெருகி, வாந்தி எடுத்து, கைகால் குளிர்ந்தால் வேலியோரத்தில் இலை தேடுதல் கூடாது. வைத்தியசாலைக்குச் செல்லுதலே அறிவுடைமை.

இவ்வளவும் கேட்டபின், இச்செடியைக் கண்டவிடத்தெல்லாம் வேரோடு பிடுங்கி எறியவேண்டும் என்று சிலர் எண்ணக்கூடும். அது வேண்டாம். தொட்டால் தீங்கில்லை, பார்த்தால் மகிழ்ச்சி உண்டு, வண்ணத்துப்பூச்சிகளுக்கு அது வாழ்வு. உண்ணாதிருத்தல் ஒன்றே போதும். ஆடுமாடு வளர்ப்போர் தீவனத்தில் இது கலவாது பார்த்துக்கொள்ளவேண்டும். கமக்காரர் தானியத்தில் இதன் விதை சேராது காக்கவேண்டும். ஆஸ்திரேலியாவில் இதே குடும்பத்து ஊதாப்பூச்செடி ஒன்றுக்கு இரண்டு பெயர்கள் உண்டு. அதனால் குதிரைகளை இழந்த பகுதியார் அதனைப் பற்றர்சனின் சாபம் என்றனர். வறட்சியிற் கைகொடுத்த தீவனம் என்று கண்ட தென்பகுதியார் இரட்சிப்பின் ஜேன் என்றனர். செடி ஒன்றே. சாபமும் இரட்சிப்பும் அதனோடு மக்கள் கொண்ட தொடர்பில் உள்ளன.

மாணவர்க்கு ஒரு வேலை சொல்லி முடிக்கின்றோம். வரும் விடுமுறையில் உங்கள் ஊர் வரம்பிலோ ஆற்றங்கரையிலோ இச்செடியைத் தேடுங்கள். ஒரு கதிரினைப் படமாக வரையுங்கள். பூக்களின் இரு வரிசைகளையும் எண்ணுங்கள். சுருள் நாளுக்கு நாள் அவிழ்வதைக் குறித்து வாருங்கள். வீட்டிலுள்ள ஆச்சிமாரிடமும் அயலிலுள்ள சிங்கள, முஸ்லிம் பெரியோரிடமும் அதன் பெயரைக் கேளுங்கள். அவர்கள் சொல்லும் பெயர்களைக் குறிப்பேட்டின் ஒரு பக்கத்தில் எழுதுங்கள். நீங்கள் கண்ணாற் கண்டதை எதிர்ப்பக்கத்தில் எழுதுங்கள். பெயர்ப் பக்கம், இச்செடியைக் கண்ட மக்கள் எதற்கு அஞ்சினர், எதனை விரும்பினர் என்பதைச் சொல்லும். எதிர்ப்பக்கமே செடியைப் பற்றிச் சொல்லும். வேலை முடிந்ததும் கைகளை நன்றாகக் கழுவிக்கொள்ளுங்கள். வீட்டாருக்கும் இச்செய்தியைச் சொல்லுங்கள்.